மூன்றாவது ஆள்

பாவசங்கீர்த்தனம் என்பது இரண்டு பேர் சமாச்சாரம். முழங்காலில் நின்று சொல்கிறவர் ஒருவர், காது கொடுத்துக் கேட்கிற சாமியார் ஒருவர். கேட்டதை அவர் சாகிறவரை வெளியே விடக்கூடாது. ஆனால் 16ஆம் நூற்றாண்டின் நடுவில், முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களில் அந்த இருவருக்கு நடுவே மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டியிருந்தது. துபாஷி.

யோசித்துப் பாருங்கள். 1535 முதல் 1537 வரை பல்லாயிரம் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்து சேர்ந்தார். ஞானஸ்நானம் கொடுக்க மொழி பெரிதாகத் தேவையில்லை. தண்ணீர் போதும், மனப்பாடம் பண்ணின நாலு வரி போதும். பாவமன்னிப்பு அப்படியில்லை. வருஷத்துக்கு ஒருமுறையாவது பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்று 1215லேயே லாத்தரன் சங்கம் விதித்துவிட்டது. 1551இல் திரெந்து சங்கம் இன்னும் கறாராகச் சொன்னது: சாவான பாவம் ஒவ்வொன்றையும், அதன் வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்லியாகணும். “ஏதோ தப்பு பண்ணிட்டேன் சாமி” என்பது கணக்கில் சேராது. என்ன தப்பு, எத்தனை தடவை?

இதைப் போர்த்துகீசியம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்வது எப்படி? துபாஷியும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்தான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இருக்கட்டும். அவர் அதே கடற்கரைக்காரர், அதே தெருவில் நடக்கிறவர். பக்கத்து வீட்டுத் தோணியிலிருந்து எதையோ எடுத்ததை அவர் காதில் போட்டுத்தான் கடவுளிடம் சேர்க்க முடியும் என்றால், எத்தனை பேர் வாயைத் திறந்திருப்பார்கள்?

இந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்றவர் அன்றீக்கு அன்றீக்கஸ் என்ற சேசு சபைத் துறவி. 1520இல் போர்த்துகல்லின் விலா விசோசாவில் பிறந்தவர், 1546இல் இந்தியா வந்தவர். தமிழைப் பிழைப்புக்காக அல்ல, பாவம் கேட்பதற்காகக் கற்றார் என்றுகூடச் சொல்லலாம். அவருக்குத் தமிழில் நேரடியாகக் கேட்க முடிந்த நாளில் மூன்றாவது ஆளுக்கு வேலை போனது. தான் கற்றதை ஓர் இலக்கணமாகவும் எழுதிவைத்தார், பின்னால் வரும் ஐரோப்பியச் சாமியார்கள் படிக்க.

பிறகு அச்சு. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, வெறும் 16 பக்கம். 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. அச்சுவரலாற்றுக் கட்டுரைகள் இந்த இரண்டோடு மூச்சு வாங்கிக்கொள்ளும். எனக்கு என்னவோ 1580இல் கொச்சியில் வந்த மூன்றாவதுதான் முக்கியமாகப் படுகிறது. ‘கொம்பெசியொனாயரு’. பாவசங்கீர்த்தனக் கையேடு. அதன் ஒரு பிரதி இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. முதல் இரண்டும் ஜெபத்தையும் விசுவாசத்தையும் சொல்லித் தருகிற புத்தகங்கள். இது ஒரு சாதாரணத் தமிழ் மனுஷன் தன் வாழ்க்கையைத் தானே புரட்டிப் பார்க்கும்படி அச்சான புத்தகம். பத்துக் கட்டளையின் வரிசையில் மனசாட்சியைக் கேள்வி கேட்பது இந்த வகை நூல்களின் முறை. ‘நான் என்ன செய்தேன்?’ என்ற கேள்வி தமிழில் அச்சேறிய ஆரம்ப இடங்களில் இது ஒன்று.

அந்தக்கால எழுத்தில் புள்ளி கிடையாது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே வடிவம். மென்பொருள்காரன் கண்ணுக்கு இது பெரிய தலைவலி: உள்ளீடு ஒன்று, பொருள் இரண்டு, சூழலை வைத்து நாமே தீர்மானிக்கணும். அன்றைய வாசகருக்கு ஓலையில் பழகின பழக்கம், உறுத்தியிருக்காது.

தலைப்பைக் கவனியுங்கள். போர்த்துகீசியச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டார். மலையாளத்தில் இன்றும் கும்பசாரம்தான். ஆனால் ‘பாவம்’ என்ற சொல்லைப் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே இங்கே இருந்தது, அதுவும் ஒரு விசித்திரமான இரட்டை வேஷத்தோடு. ஒருவன் தப்பு செய்தாலும் பாவம், அடிபட்டுக் கிடந்தாலும் “ஐயோ பாவம்”. குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல். ஐரோப்பாவிலிருந்து வந்த சாமியார்கள் இதைக் கேட்டு எவ்வளவு குழம்பினார்களோ!

அன்றீக்கஸின் கதையில் ஒரு முள் இருக்கிறது. அவர் யூத மூதாதையர் வழி வந்தவர். அதற்காகவே முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஐபீரியாவில் அன்று ‘ரத்தத் தூய்மை’ என்றொரு கணக்கு. ஞானஸ்நானம் எல்லாப் பாவத்தையும் கழுவும், ஆனால் தாத்தாவின் ரத்தத்தைக் கழுவாது. சேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. ஆனால் 1593இல் அதே சபை, யூத வம்சாவழியினரை இனிச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. அப்போது அவர் முத்துக்குளித்துறையில் உயிரோடு இருந்தார், எழுபதைத் தாண்டிய கிழவர். நாற்பது வருஷத்துக்கும் மேலாக அடுத்தவர் பாவங்களைத் தமிழில் கேட்டு மன்னித்தவர், இன்னொரு முறை பிறந்திருந்தால் அந்த வேலையில் சேர்ந்திருக்கவே முடியாது. 1600இல் இறந்தார். அந்தத் தடை முழுசாக நீங்கியது 1946இல்.

இப்போது எங்கள் தர்மபுரிப் பக்கம். 1965இல் தனி மாவட்டமாகும்வரை இது சேலம் மாவட்டம். கடற்கரையின் ‘கொம்பெசியொனாயரு’ இங்கே எட்டவில்லை. இங்கே வந்தது வேறொரு பாணி. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, 1623இல் வடக்கே கிளம்பி சேந்தமங்கலம், சேலம் வரை வந்தார். காவி, பூணூல், சைவ உணவு. போர்த்துகீசிய வாசனை அடிக்கும் சொற்கள் எல்லாம் அந்த நடையில் மூட்டை கட்டப்பட்டன. சமஸ்கிருதச் சொற்கள் வந்தன. ‘ஞானஸ்நானம்’ போல ‘பாவசங்கீர்த்தனம்’ என்பதும் அந்த நடையின் பிள்ளை. கீர்த்தனை என்றால் புகழ்ந்து பாடுவது என்று நினைப்போம். தன் பாவத்தை உரக்கச் சொல்வதற்கு அப்படி ஒரு பெயர்! மைசூர் மிஷன் காலத்துக் கோவிலூர் முதற்கொண்டு இந்தப் பக்கத்துப் பழைய பங்குகளில் பெரியவர்கள் இன்னும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். 1960களின் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த ‘ஒப்புரவு அருட்சாதனம்’ அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, வாயில் இல்லை. “தபசு காலம் வந்திருச்சு, பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியா?” என்றுதான் கேட்பார்கள்.

சொல் அழகாக மாறியது. கேட்கும் காதுக்கு என்ன ஆனது? பிராமண சன்னியாசி வேஷம் போட்ட குரு பறையர் ஒருவரின் பாவத்தைப் பகிரங்கமாகக் கேட்க முடியாது. தொட்டால், பக்கத்தில் உட்கார்ந்தால், வேஷம் கலைந்துவிடும். அந்த வேஷத்தை நம்பித்தான் மொத்த மிஷனும் நின்றது. ஆகவே அந்த மக்களை இருட்டில் ஒளிந்து ஒளிந்து சந்திக்க வேண்டியிருந்தது. 1640இல் பல்தசார் த கோஸ்தாவில் தொடங்கி ‘பண்டாரசாமி’ என்ற தனிவகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். அவர்கள் எல்லாச் சாதியாரிடமும் போகலாம். நொபிலியை ஆதரிப்பவர்கள் இதை நடைமுறைத் தீர்வு என்பார்கள். அந்த நாட்டில், அந்தக் காலத்தில் வேறு வழியில்லை என்பார்கள். இருக்கலாம். என் கணக்கில், துபாஷி எழுந்து போன இடத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொண்டது. மன்னிப்பு ஒன்றுதான், அதை வாங்கப் போகிற வாசல் மட்டும் இரண்டு.

புராட்டஸ்டண்டுகள் இந்த வாசலையே மூடிவிட்டு வேறு சொல்லைப் பிடித்தார்கள். அவர்கள் வேதாகமத்தில் ‘மனந்திரும்புதல்’. கிரேக்கத்தின் மெதனோயா என்றால் மனம் மாறுதல், எபிரேயத்தின் ஷூவ் என்றால் திரும்பி வருதல். தமிழ்ச் சொல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. 1995இன் பொது மொழிபெயர்ப்பு அதை ‘மனம் மாறுதல்’ ஆக்கியது. மாறுதல் இருக்கிறது, திரும்பி வருகிற வழி காணாமல் போய்விட்டது. அதேபோல பழைய கத்தோலிக்க ஜெபங்களில் ‘மன்னியும்’ இருந்த இடத்தில் ‘பொறுத்தருளும்’ இருந்தது. மன்னிப்பவர் கணக்கைத் தீர்க்கிறார். பொறுப்பவர் பாரத்தைத் தன் தோளில் ஏற்றுகிறார். சிலுவையை நினைத்து ஜெபிக்கிற ஒருவருக்கு இரண்டாவது சொல்தான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

தர்மபுரி 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டம் ஆனது. புனித வாரத்தில் கோவில்களில் சங்கீர்த்தன வரிசை நிற்கும். எந்தத் தெருக்காரரும் ஒரே வரிசையில், ஒரே சாமியாரிடம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தமிழ்க்காரர், பெரும்பாலும் இந்தச் சுற்றுவட்டாரத்து ஆளேதான். அதனாலேயே, தெரிஞ்ச சாமிகிட்ட எப்படிச் சொல்றது என்று பக்கத்துப் பங்குக்கு பஸ் ஏறிப் போகிறவர்களும் உண்டு.