மஞ்சளின் கதை

எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் துரையின் பெயரால் வழங்கும் கேரி தீவில் முன்பு ரப்பர் விளைந்தது. இன்று செம்பனை விளைகிறது. பயிர் மாறினாலும், நம் தாய்மார்கள் கறிக்கு மஞ்சள் சேர்க்கும் வழக்கம் மாறவில்லை.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினை 1815-இல் ஃபோகல், பெல்லெத்தியே என்னும் இரு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். அதன் வேதியியல் அமைப்பு 1910-இல் தெரிந்தது. எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? அதற்குக் காரணம் ஆக்சிஜனேற்றம். நம் உடலிலுள்ள கொழுப்பும் இவ்வாறு கெடக்கூடும். குர்குமின் அதைத் தடுப்பதை, 1976-இல் வெளியான இந்திய ஆய்வொன்று ஆய்வுக்கூடத்தில் காட்டியது.

ஆனால், நாம் உண்ணும் குர்குமினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. ஆகவே, மஞ்சளைக் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு நீருக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.