புள்ளத்தாச்சியும் ஜெயிலும்

திருவண்ணாமலை அம்மனுக்கு உண்ணாமுலை என்று பேர். தாயென்று கும்பிட தீபத்துக்கு லட்சக்கணக்கில் சனம் வருகிறது. இதே ஊர்க் கோர்ட்டில் ரிமாண்டாகும் பெண்ணை போலீஸ் வேன் எண்பது கிலோமீட்டர் தள்ளி வேலூர் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோகிறது. வயிற்றுப் பிள்ளையோடு போகிறவளும் உண்டு. 'தலப்புள்ள தாய் வூட்லதான்' என்பது நம்ம சனத்தின் வழக்கம். அவளுக்கு எது தாய் வீடு?

வேலூர் சிறைக்கு வரலாற்றில் பேர் உண்டு. 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் கைதான ருக்மிணி லட்சுமிபதி அங்கேதான் இருந்தார். சென்னையில் அவர் பேரில் சாலை இருக்கிறது. அதே 1930ல்தான் வெள்ளையர் அரசு கைதிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. படிப்பு, அந்தஸ்து, வாழ்ந்த வசதி பார்த்துத்தான் வகுப்பு. சேரிப் பெண்ணுக்கு இதில் எது இருந்தது? அவளுக்கு சி வகுப்புதான். அவள் பிள்ளை பெற்ற கதையை யார் எழுதினார்கள்?

1991 ஜூனில் கைதானபோது நளினி கர்ப்பிணி. காவலிலேயே பிள்ளை பெற்றார். நாடே பார்த்த வழக்கு என்பதால் அது நமக்குத் தெரிகிறது. சாராய வழக்கிலும் திருட்டு வழக்கிலும் உள்ளே போனவளின் பேறுகாலம் யாருக்கும் தெரியாது.

1994ல் தொடங்கிய ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரல் 13 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கர்ப்பிணியைச் சிறைக்கு அனுப்பும் முன்பே, பிரசவத்துக்கும் முன்பின் கவனிப்புக்கும் அங்கே வசதி உண்டா என்று உறுதி செய்ய வேண்டும். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதிக்க வேண்டும். முடிந்தவரை பிரசவம் சிறைக்கு வெளியே நடக்க வேண்டும். பிறந்த இடம் சிறை என்று சான்றிதழில் எழுதக் கூடாது. ஆறு வயது வரை பிள்ளை தாயோடு இருக்கலாம்.

சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாடு செல்லாது என்று அதே நீதிமன்றம் சொல்ல 2024 அக்டோபர் 3 வரை ஆனது. கூட்டுகிற வேலைக்கு இன்ன சாதி என்று அதுவரை விதியே இருந்தது. அந்த விதி இருந்த இடத்தில் நம்ம பெண்ணின் வயிற்றை யார் தொட்டுப் பார்த்திருப்பார்கள்?

தீர்ப்பில் முக்கியமான சொல் 'முன்பே' என்பது. வேன் கிளம்பின பிறகு பேசிப் பயனில்லை. கேள்வி திருவண்ணாமலைக் கோர்ட்டிலேயே எழ வேண்டும். பெண் என்பதாலேயே ஜாமீன் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பெண்ணுக்கும் தலித்துக்கும் இலவச வக்கீல் 1987 சட்டப்படி உரிமை. கூண்டில் நிற்கிறவள் கூச்சத்தில் வாய் திறக்க மாட்டாள். பக்கத்தில் நிற்கிற நாம் சொல்ல வேண்டும்: 'ஐயா, இவ புள்ளத்தாச்சி. எழுதிக்குங்க.'