பேஸ் கிட்டார்: பிக்கப், பிரீஆம்ப் மாற்றம்

மின் பேஸ் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றுவது பிக்கப். அந்தச் சைகை கேபிளுக்குள் போகுமுன் அதை வலுவாக்கித் தொனியைத் திருத்துவது பிரீஆம்ப். இரண்டையும் ஒரே கையோடு மாற்றிவிடப் பலரும் ஆசைப்படுகிறார்கள். தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊர்களின் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டு வாசிப்பவருக்கு அது பெரும்பாலும் வீண்செலவு. முதலில் பிக்கப், பிரீஆம்ப் அதன்பிறகு, தேவை தெரிந்தால்.

காரணம், இரைச்சல். சீரியல் விளக்கும் ஜெனரேட்டரும் மேடைக்குப் பக்கத்திலேயே ஓடும். ஒற்றைச் சுருள் பிக்கப், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்தையும் கம்பியின் ஒலியோடு சேர்த்தே பிடித்துவிடும். பிரீஆம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பாட்டையும் இரைச்சலையும் ஒருசேரப் பெருக்கிக் கொடுக்கும். 1951இல் ஒற்றைச் சுருளோடு வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், 1957இல் இரு துண்டுச் சுருளுக்கு மாறியது. சுற்றும் காந்தமுனையும் எதிரெதிராக இருப்பதால் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது, கம்பியின் ஒலி தங்குகிறது. ஃபெண்டரின் ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்பும் சம அளவில் திறந்திருந்தால்தான் இந்தப் பயன். ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் திரும்பும். அந்த பேஸுக்கு ஒரே உறைக்குள் இரு சுருள் கொண்ட பிக்கப்பே தக்கது. மேல்தொனியின் பளபளப்பு சற்றுக் குறையும் என்பார்கள். உண்மைதான், ஆனால் திருவிழாக் கூட்டத்தில் அதைக் கவனிப்பவர் யார்? கடையில் காட்டும் மின்தடை எண் மட்டும் தொனியைச் சொல்லிவிடாது: சுருள் கம்பியின் பருமன், சுற்று எண்ணிக்கை, காந்தம் ஆகியவை சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பிரீஆம்பால்தானே புகழ்பெற்றது என்று கேட்கலாம். ஆனால் அதன் பிக்கப்பும் இரைச்சல் நீக்கும் இரட்டைச் சுருள்தான். பிரீஆம்ப் அதற்கென்றே அமைந்தது. இன்னொரு வாதம், பிரீஆம்ப் இருந்தால்தான் அடித்தொனி திரளும் என்பது. தாழ்ந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கர் அதை எட்டாது. 82, 123 ஹெர்ட்ஸில் எழும் மேற்சுரங்களைக் கொண்டே காது ஸ்வரத்தை அறிகிறது. அடித்தொனிக் குமிழை முழுதும் திருகினால் ஆம்பின் திறன்தான் வீணாகும். இளையராஜா பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே ஓடும். அது கேட்க நடுத்தொனி வேண்டும். ஆகவே பிரீஆம்ப் வாங்கினால் நடுத்தொனிக் குமிழ் உள்ளதாக வாங்குவது நல்லது.

நீளமான கேபிள் போடும் மேடையில் பிரீஆம்புக்கு நியாயம் உண்டு, ஏனெனில் கேபிளின் மின்தேக்கம் மேல்தொனியைத் தின்னும். அங்கும் பிரீஆம்பின் 9 வோல்ட் பேட்டரி பாதிப் பாட்டில் தீர்ந்தால் வாத்தியம் ஊமையாகும். பேட்டரியைத் தவிர்த்து வாசிக்கும் சுவிட்ச் உள்ளதையே தேர வேண்டும். கச்சேரி முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும், செருகியே விட்டால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கும்.