பதிவேட்டில் இல்லாத காயம்

எங்க முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம், முந்திரிக்காட்டுச் சேரிகளிலிருந்து ஒரு பிள்ளை வெளியே தங்கிப் படிக்க வேண்டுமானால் ‘அரிசன ஆஸ்டல்’தான் வழி. துறையின் பேர் ஆதிதிராவிடர் நலம் என்று மாறியும் சனங்க வாயில் அது மாறவில்லை. அந்தச் சோற்றில் வளர்ந்தவன் நான். தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்ட பிள்ளைகளை அங்கே பார்த்திருக்கிறேன். வார்டனும் வாட்ச்மேனும் சொன்ன காரணம் மூன்றுதான்: “நடிக்குது”, “லவ் மேட்டரு”, “வூட்ல செல்லம்.”

இந்தப் பார்வை தனிமனிதக் கோளாறு அல்ல. அதற்கு வரலாறு உண்டு. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூட வாசலிலேயே தடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்போடு கூரையும் சோறும் தேவைப்பட்ட காலம் அது. பிறகு வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் துறை, விடுதலைக்குப் பின் அரிசன நலத்துறை என்று அரசும் விடுதி நடத்தியது. கூரை வந்தது, அரிசி வந்தது, கூடவே பதிவேடும் வந்தது. எத்தனை தலை, எத்தனை கிலோ என்றுதான் தணிக்கைக்கு வருகிறவரும் கேட்பார். மனசுக்கு அதில் கட்டம் கிடையாது. ஆகவே பிள்ளையின் காயம் வார்டன் கண்ணுக்கு ஒழுங்குமீறலாகவே பட்டது.

சட்டமும் பயமுறுத்தியது. 1860ஆம் வருசத்துத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை என்றது. எந்தக் காயத்தைப் பார்த்தாலும் “கேஸாயிடும்” என்று மூடி மறைத்தார்கள். பெற்றோரை வரவழைத்துப் பெட்டியோடு அனுப்பினார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், சிகிச்சை தருவது அரசின் கடமை என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309 இல்லை. பயம் மட்டும் போகவில்லை.

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை பெரும்பாலும் சாக நினைப்பதில்லை. தாங்க முடியாததைத் தாங்கப் பார்க்கிறது. அதற்காக அலட்சியம் கூடாது. பின்னாளில் உயிருக்கு ஆபத்து கூடும் என்பதற்கு அதுவே அறிகுறி. “கேட்டா இல்லாத நெனப்பு வந்துடும்” என்பதும் தவறு. கனிவாக நேரே கேட்டால் பாரம் குறையும் என்றே மருத்துவம் சொல்கிறது.

வகுப்பில் “ஓசிச்சோறு” என்று கேட்டுவிட்டு வருகிற பிள்ளையிடம், ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த சமையல் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, “என்னா சாமி, யாரு என்னா சொன்னாங்க?” என்பார். எங்கள் விடுதியில் சரியான கேள்வி அது ஒன்றுதான். காரணம் பிள்ளைக்குள் மட்டும் இல்லை, வெளியிலும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆயாவுக்குப் பயிற்சி கொடுங்கள், வார்டனுக்கும் கொடுங்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணைச் சாப்பாட்டுக்கூடச் சுவரில் எழுதி வையுங்கள். சாதியைக் கேட்காமல் காயத்தை மட்டும் கட்டுவது வைத்தியமாகாது.