கந்தையின் வரலாறு

அரசர்தம் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டது. வணிகர்தம் வரலாறு கணக்கேடுகளில் தங்கியது. இல்லுறை பெண்டிர் தம் வரலாற்றை எதில் எழுதினர் என்று எவரேனும் வினவுவாராயின், பழந்துணியில் எழுதினர் என்று விடையிறுக்க யாம் அஞ்சோம். இவ்விடைக்குக் காரணம் இவ்வாண்டு எம் இல்லத்தில் ஒரே காலத்தில் நடைபெற்றுவரும் மூன்று தையல் வேலைகள். பிறக்கவிருக்கும் பேரக் குழந்தைக்கு ஒரு சிறு விரிப்பு. தை மாதத்தில் மணமாகவுள்ள மகளுக்கு ஒரு போர்வை. மூன்றாவது, எம் அன்னையார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த பழங்கந்தையைச் செப்பனிடுதல். திண்ணையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, கட்டிலின் கீழே பெட்டியில் ஒன்று. நடப்பதற்கு வழியில்லை என்று யாம் முணுமுணுத்ததுண்டு. பின்னர் இவற்றின் வரலாற்றை ஆராயத் தொடங்கியபொழுது முணுமுணுப்பு அடங்கிற்று.

கந்தை என்னும் சொல்லை இன்று இகழ்ச்சிப் பொருளிலேயே வழங்குகின்றோம். வடமொழியில் கந்தா என்பது ஒட்டுத் தைத்த துணியைக் குறிக்கும். வங்காள மக்கள் காந்தா என்று பெருமையோடு கூறுவதும் இச்சொல்லின் உறவே. தமிழகத்தில் தையற்கலை பழமையானது. புகார் நகரத்து மருவூர்ப் பாக்கத்தில் துன்னகாரர், அஃதாவது தையற்காரர், வாழ்ந்தமையைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காணச் சென்ற பொருநனின் உடை பேசப்படுகின்றது. வியர்வையில் நனைந்து, வேற்று நூல் ஊடுருவித் தைக்கப்பெற்ற சிதைந்த துணி அது. மன்னன் அதனைக் களையச் செய்து, பாம்பின் உரி போன்ற மெல்லிய ஆடை அளித்தான் என்பர். வள்ளலின் கொடையைப் புலவர் பாடினார், நன்று. அப்பழந்துணியில் வேற்று நூலைக் கோத்துத் தைத்த கை எவருடையது என்பதை அவர் பாடவில்லை. பொருநனின் மனைவியின் கையாக இருக்கலாம் என்பது எம் ஊகம்.

நிற்க. கந்தையைக் கலையாக வளர்த்த பெருமை வங்கத்திற்கே உரியது. கிழிந்த புடைவைகளையும் வேட்டிகளையும் மூன்றோ, ஐந்தோ, ஏழோ அடுக்காகத் தரையில் விரித்து, சுருக்கமின்றி நீவி, ஓரங்களைப் பளுவான பொருள்களாலோ ஈச்ச முள்ளாலோ அசையாமல் நிறுத்துவர். முதலில் நெடிய தையலிட்டு அடுக்குகளைப் பிணைப்பர். பின்னர் நடுவில் தாமரையும், நான்கு மூலைகளில் மரமும் மாங்காய் வடிவும் வரைந்து, நேரே ஓடும் ஓட்டத் தையலால் நிரப்புவர். பழம்புடைவையின் கரையிலிருந்து உருவிய வண்ண இழையே நூல். கடைக்குச் சென்று வாங்கும் பொருள் ஊசி ஒன்றே எனலாம். நெருங்கிய தையலால் துணி நீரலை போலச் சுருங்கி நிற்கும். அவ்வலையே நல்ல காந்தாவின் அடையாளம்.

அங்கும் ஓர் இல்லத்தில் ஒரே வேலை நடப்பதில்லை. குளிர்காலப் போர்வைக்கு லேப் என்றும், விரிப்புக்குச் சுஜனி என்றும், அமரும் துணிக்கு ஆசன் என்றும், கண்ணாடியும் சீப்பும் சுற்றும் துணிக்கு ஆர்ஷிலதா என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஒவ்வொன்றும் முடிய மாதங்கள் ஆகும். பெரியன ஆண்டுகளும் ஆகும். பாட்டி தொடங்கியதைப் பேர்த்தி முடிப்பதுண்டு. ஏன் ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொடங்குவதில்லை என்று யாம் எம் துணைவியாரை வினவினோம். புடைவை தன் ஆயுளை முடித்துக்கொள்ளும்பொழுதுதானே துணி கிடைக்கும், ஒன்றுக்குத் துணி வரும்வரை மற்றொன்று ஓட வேண்டாமா என்றார். மேலும், நுண்ணிய பூவேலை பகலொளியில் தனித்திருந்து செய்தற்குரியது. அடுக்குப் பிணைக்கும் வேலை நால்வர் கூடிப் பேசிக்கொண்டே செய்தற்குரியது. நூல்களில் யாம் தேடிக் காணாத விளக்கம் இது.

இத்தையலின் புகழ் கடல் கடந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசியர் வங்கத்துச் சாத்காவ்ன் பகுதியில் பருத்தித் துணிமீது மஞ்சள் டஸ்ஸர் பட்டிழையால் வேட்டைக் காட்சிகளும் விவிலியக் காட்சிகளும் தைத்த போர்வைகளைப் பெற்று லிஸ்பனுக்கு அனுப்பினர். ஆயினும் அவை விலைக்குச் செய்தவை. வீட்டுக் கந்தையோ அன்புக்குச் செய்தது. குல்னாவைச் சேர்ந்த மானதாசுந்தரி என்னும் அம்மையார் 19ஆம் நூற்றாண்டில் தம் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று புகழ்பெற்றது. ஆங்கிலச் சிப்பாய்களும், நாணயங்களில் கண்ட உருவங்களும் அதில் உள. தம் பெயரையும் அவர் ஊசியால் எழுதி வைத்தார். இத்தகையவற்றை ஊர் ஊராகச் சென்று திரட்டியவர் குருசதய தத்தர் (1882–1941) என்னும் ஐ.சி.எஸ். அலுவலர். அவர் திரட்டியவை கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் 1963-இல் திறக்கப்பட்ட அவர் பெயர் தாங்கிய காட்சிச்சாலையில் இடம்பெற்றன. ஜசீமுத்தீன் என்னும் கவிஞர் 1929-இல் வெளியிட்ட நெடுங்கதைப் பாடலின் தலைவி, தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்துத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லி மறைகின்றாள்.

இனி நம் தீவுக்கு வருவோம். 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்கள் அந்தமானில் குடியேற்றப்பட்டன. தெற்கு அந்தமான், மத்திய அந்தமான், திக்லிப்பூர், நீல், ஹேவ்லாக் என அவர்கள் காடு திருத்தி வாழ்ந்த இடங்கள் பல. பின்னிரண்டும் 2018 முதல் ஷஹீத் தீவு, ஸ்வராஜ் தீவு என வழங்குவதும், நம் போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டதும் அன்பர்கள் அறிந்ததே. பின்னர்ப் பர்மாவிலிருந்து திரும்பியோர் சிலர் மத்திய அந்தமானிலும், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திலும் குடியமர்த்தப்பட்டனர். நிலமும் வீடும் இழந்து வந்தோர் அனைவரிடமும் ஒரு துணிமூட்டை இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் இத்தீவில் பஞ்சு மெத்தை பூஞ்சை பிடித்து அழியும். மெல்லிய கந்தையோ ஒரு பகல் வெயிலில் உலரும். அதனால் அது இங்குப் பிழைத்தது போலும்.

துன்பக் காலத்தில் ஊசி பேசிய செய்தி ஒன்றை ஈண்டுக் கூறாது விடுதல் ஆகாது. 1942 மார்ச்சு 23-இல் ஜப்பானியர் நம் தீவைக் கைப்பற்றினர். அதற்கு முந்திய மாதமே சிங்கப்பூர் வீழ்ந்திருந்தது. அங்குச் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள், எதல் மல்வானி என்னும் கனடா நாட்டு அம்மையாரின் யோசனைப்படி, கிடைத்த துண்டுத் துணிகளில் ஆளுக்கொரு சதுரம் தைத்தனர். 66 சதுரங்கள் கொண்ட போர்வைகள் மூன்று உருவாயின. பிரிந்திருந்த கணவன்மார்க்குத் தாம் உயிரோடிருப்பதை அறிவிக்க அவர்களுக்கு வேறு வழியில்லை. சதுரத்தில் இருந்த பெயரே கடிதமாயிற்று.

இதனைப் படித்த அன்று யாம் எம் அன்னையாரின் கந்தையை எடுத்துப் பார்த்தோம். 1964-இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டபின் இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். மறு ஆண்டு எம் அன்னையார் கைக்குழந்தையோடு இரங்கூனில் கப்பலேறினார். நகையும் பணமும் கொண்டுவர விடவில்லை. சோதனையிட்டவர் கந்தையின் மடிப்புகளை விரலால் நெருடிப் பார்த்து, ஒன்றும் இல்லையெனத் தூக்கி எறிந்தாராம். அன்னையார் குனிந்து எடுத்துக்கொண்டார்.

அறுபதாண்டுக்குப் பின் அதன் மேல்துணி நைந்துவிட்டது. பிரித்துவிட்டுப் புதுத் துணியில் தைக்கலாம் என்றார் எம் துணைவியார். ஒரு மூலையைப் பிரித்தார். உள்ளே நீலக் கட்டமிட்ட கைலித் துணி. அதன்கீழ் அரக்கு நிறப் புடைவைத் துண்டு. அதற்கும் கீழே ஒரு சிறு வெள்ளைத் துணி. கண்புரையால் பார்வை மங்கிய அன்னையார் கையால் தடவிப் பார்த்துச் சொன்னார்: “கைலி உன் மாமனாருடையது அம்மா. புடைவை என் தாயார் எனக்குச் சீராகக் கொடுத்தது. வெள்ளைத் துணி உன் புருஷனுக்கு மூத்த பிள்ளையுடையது.” எமக்கு மூத்தார் ஒருவர் பிறந்து இறந்த செய்தியை அன்றுதான் யாம் அறிந்தோம். ஏன் இதுகாறும் சொல்லவில்லை என்றோம். “யார் கேட்டீர்கள்?” என்றார்.

அதன்பின் பிரிக்கும் பேச்சு நின்றது. ஆனால் அப்படியே வைத்தால் மடிப்பில் அற்றுப்போகும். அடுத்த வீட்டு வங்காள அம்மையாரை அழைத்துக் காட்டினோம். எம் மக்கள் அவரை மாசிமா என்பர். சிறிய தாயார் என்று பொருள். பிரிக்க வேண்டா, பழையதன்மீது மெல்லிய புடைவையை இருபுறமும் போர்த்தி ஒன்றாகத் தைத்துவிடலாம், தம் ஊரில் அப்படித்தான் செய்வர் என்றார் அவர். எம் துணைவியார் தம் கூறைப்புடைவை வாங்கிய அவ்வாண்டே வாங்கிய நூற்புடைவை ஒன்றைத் தந்தார். போர்த்தினால் உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரியாதே என்று மகள் மறுத்தாள். இரண்டு நாள் வாதம் நடந்தது. முடிவில் ஒரு மூலையை மட்டும் திறந்துவைத்து, ஒவ்வோர் அடுக்கின் ஓரத்திலும் உடையவர் பெயரைச் சிவப்பு நூலால் தைப்பது என்று தீர்மானமாயிற்று. வெள்ளைத் துணிக்குப் பெயரில்லை. பெயர் சூட்டும் நாளுக்கு முன்னரே அக்குழந்தை மறைந்ததாம். அங்கு அன்னையார் தாமே ஊசி கேட்டு வாங்கி, கோணலாக நான்கு தையல் இட்டார்.

குழந்தையின் விரிப்பு முடிந்துவிட்டது. மகளின் போர்வைக்கு இன்னும் ஒரு கரை பாக்கி. பெரியது பாதியில் நிற்கின்றது. மழை தொடங்கிவிட்டமையால் வேப்பிலையிட்டுப் பெட்டியில் வைத்துள்ளோம். மாசி வெயிலில் மீண்டும் கூடத்தில் விரிப்போம்.