தேன்சிட்டும் தேசாதிபதியும்

வஹகோட்டை வீட்டுத்தோட்டத்தில், சித்திரை வெயிலில், செவ்வரத்தைப் பூவை நாடி வரும் நீள்அலகுத் தேன்சிட்டை நான் கமராவில் பிடிக்கிறேன். நிழலில் வெறுங் கறுப்பு. வெயில் பட்டால் ஊதாவும் பச்சையுமாய் மின்னும். கண நேரம் நின்றால் போதும், நேயர்களே, நிற்பதுதான் இல்லை!

முன்னாளில் தூரிகையே கமரா. 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தத் தேசாதிபதியாயிருந்த ஜோன் கிடியோன் லோட்டன், இந்நாட்டுப் பறவைகளை வரைவித்தார். வரைந்தவர் இலங்கையிலேயே பிறந்த பீற்றர் கோர்னேலிஸ் டி பெவெரே. 1766இல் லின்னேயஸ் இச்சிட்டுக்கு வைத்த பெயரோ லோட்டனுடையது.

வஹகோட்டை அன்று கண்டி இராச்சியத்து ஊர். லோட்டனின் ஆணை எட்டாத இடம். இங்கே பறக்கும் சிட்டும் அவர் பெயரையே சுமக்கிறது. வரைந்த கையை யார் நினைத்தார்? எனது படத்தின் பின்புறத்தில் நான் டி பெவெரேயின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.