நெட்பேக்கப் கிளையன்ட் சேவைகள்: யூனிக்ஸில் மறுதொடக்கம்

யூனிக்ஸ் கணினியின் கோப்புகளைப் பேக்கப் சர்வருக்கு அனுப்புவதற்காகப் பின்னணியில் ஓடும் டீமன்களே நெட்பேக்கப் கிளையன்ட் சேவைகள். அமைப்புகளை மாற்றிய பின்னரோ இணைப்பு முடங்கும்போதோ இவற்றை நிறுத்தி மீண்டும் இயக்குவர்.

வரலாறு

1987-இல் அமெரிக்க மோட்டார் நிறுவனமான கிரைஸ்லர், பேக்கப் மென்பொருள் ஒன்றை எழுதும் பணியைக் கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அங்கே ஒரு சிறு பொறியாளர் குழு எழுதியதே நெட்பேக்கப்பின் மூலம். 1993-இல் அது ஓப்பன்விஷன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. யூனிக்ஸில் இம்மென்பொருள் இன்றும் குடியிருக்கும் /யூஎஸ்ஆர்/ஓப்பன்வி என்னும் டைரக்டரி அந்நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. 1997-இல் வெரிட்டாஸ், 2005-இல் சைமன்டெக், 2016-இல் தனி நிறுவனமாகப் பிரிந்த வெரிட்டாஸ் என்று உடைமை மாறியும் அப்பெயர் மாறவில்லை. நிர்வாகிகள் எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் பலவும் இந்தப் பாதையையே நம்பியிருக்கின்றன.

தொடக்கத்தில் கிளையன்டின் முதன்மை டீமனான பிபிசிடி தானாக ஓடவில்லை. இணைப்பு வந்தால் ஐநெட்டி என்னும் யூனிக்ஸ் டீமன் அதை எழுப்பும். ஆகவே அன்று ஐநெட்டியின் அமைப்புக் கோப்பைத் திருத்தி, அதை மறுபடி படிக்கச் செய்தாலே போதும். பிற்காலப் பதிப்புகளில் பிபிசிடி தனித்து ஓடலாயிற்று. மறுதொடக்கமும் தனி வேலையாயிற்று.

சேவைகள்

கிளையன்டின் டீமன்களுள் பிபிசிடி 13782-ஆம் போர்ட்டிலும், விநெட்டி 13724-இலும், பிபிஎக்ஸ் 1556-இலும் இணைப்புக்குக் காத்திருக்கும். புதிய பதிப்புகளில் சர்வரின் அழைப்பு முதலில் வந்து சேர்வது பிபிஎக்ஸிடமே.

செய்முறை

அந்தக் கிளையன்டில் பேக்கப்போ ரெஸ்டோரோ ஓடவில்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். இல்லையேல் ஓடும் வேலை நடுவில் அறுந்துவிடும். பின்னர் ரூட் பயனராக பிபி.கில்_ஆல் கட்டளையை இட்டு, பிபிபிஎஸ் கட்டளையால் எதுவும் எஞ்சவில்லை என்று பார்த்து, பிபி.ஸ்டார்ட்_ஆல் கட்டளையை இட வேண்டும். பிபிஎக்ஸ் இதில் அடங்காது. அதைத் தனியே நிறுத்தித் தொடங்க வேண்டும். கில் -9 கொண்டு நேரடியாகக் கொல்வது முறையன்று. கணினியையே ரீபூட் செய்வதும் தேவையற்றது. அதில் ஓடும் பிற பயன்பாடுகள் வீணே நிற்கும்.

டீமன்கள் பட்டியலில் தெரிவது மட்டும் போதாது. சர்வரிலிருந்து பிபிடெஸ்ட்பிபிசிடி கட்டளையை ஓட்டி, இணைப்பு கிடைத்த பின்பே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். இச்சோதனையைத் தவிர்த்தால், இரவுப் பேக்கப் நிலைக்குறி 58 காட்டி, அதாவது கிளையன்டை எட்ட முடியாமல், தோற்ற பிறகே பழுது தெரியவரும்.

இன்றைய நிலை

2024 டிசம்பர் முதல் நெட்பேக்கப் கோஹெசிட்டி நிறுவனத்தின் வசம் உள்ளது.